.308 ரைபிள் குழலை 24 அங்குலத்திலிருந்து 20 ஆக்கினால் எவ்வளவு வேகம் போகும்?

அங்குலக்கணக்கு: .308 வின்செஸ்டர், 168 கிரேன் (எடை அலகு) குண்டு, கையால் லோடு செய்த தோட்டா. அங்குலத்துக்கு 50 வீதம், வினாடிக்கு 200 அடி வேகம் போயிடும். அப்படியும் வெட்டணும்னா சீக்கிரம் எரியற பவுடருக்கு (தோட்டாவுக்குள்ள போடற வெடிமருந்து) மாறுங்க. மெதுவா எரியறது பாதி எரியாமலே குழல்வாயில நெருப்பா வெளியே போகும்.

குழல்வாயன்: 50 எங்கேருந்து வந்தது? .308க்கு இந்த நீளத்துல அங்குலத்துக்கு 20-25தான். 2650 இருந்தா 2550, அவ்வளவுதான். கேஸ்ல, அதாவது பவுடர் போடற பித்தளைக் கூட்டுல, ஏறக்குறைய 3.6 மில்லி இடம். ஒரு அங்குலக் குழல் 1.2 மில்லி. தோட்டா உட்கார்ற நீளம் போக, 24 அங்குலத்துல வாயு எட்டு மடங்கு விரிஞ்சிருக்கும், 20ல ஏழு. அந்தக் கடைசி மடங்குல தள்ளுற வலு கொஞ்சம்தான். பெரிய கேஸ் மேக்னம்னா இழப்பு கூடும். .22 லாங் ரைபிள்ல 16-18 அங்குலத்துக்கு மேல வேகம் ஏறுறதே இல்லை.

அந்த நெருப்பு எரியாத பவுடரும் இல்லை. வெளியே வர்ற கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் காத்துல கலந்து பத்திக்குது. அதனால 24ல எந்தப் பவுடர் அதிக வேகம் தருதோ, பெரும்பாலும் 20லயும் அதேதான். வேகப் பவுடரை அதே அழுத்த வரம்புக்குள்ள குறைச்சுத்தான் போட முடியும். நெருப்பு குறையும், வேகமும் குறையும்.

அங்குலக்கணக்கு: 20, 24 அங்குல ரைபிள் ரெண்டுல ஒரே லோடை அஞ்சஞ்சு ரவுண்டு சுட்டவங்க 150 வித்தியாசம் காட்டறாங்களே சார்?

பத்துச்சுற்று: இரண்டு துப்பாக்கியை ஒப்பிட்டால் அது நீளத்தின் கணக்கு ஆகாது. ஒரே நீளக் குழல்களே சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), உள்விட்ட வித்தியாசத்தில் 50 அடி மாறும். ஒரே குழலை அங்குலம் அங்குலமாக வெட்டி, ஒவ்வொரு முறையும் கிரவுனை (குழல்வாய் விளிம்பை) திரும்பக் கடைந்து சுட வேண்டும். பவுடரும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) இருக்கட்டும். தோட்டா எல்லாவற்றையும் ஒரே நாளில் லோடு செய்துவிடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை உட்கார விட்டால் வேகம் ஏறிவிடும். வேகம் அளக்கும் குரோனோகிராஃபின் திரை குழல்வாயிலிருந்து 10-15 அடி தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் வாயு வீச்சு சென்சாரை ஏமாற்றும், குட்டைக் குழலில் வீச்சு அதிகம் என்பதால் தப்பும் அந்தப் பக்கமே விழும்.

ஐந்து சுற்று போதாது. திட்டவிலக்கம் 12 என்றால் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்திலேயே 7-8 அடி திட்டப்பிழை. ஓர் அங்குலத்துக்கு 20 அடியைப் பிடிக்க நீளத்துக்குப் பத்துச் சுற்றாவது வேண்டும்.

அங்குலக்கணக்கு: சரி, 100ன்னே வெச்சுக்குவோம். குழல்தான் குட்டையாச்சே, அரை கிரேன் கூட்டிப் போட்டு மீட்டுடலாம்ல?

குழல்வாயன்: கூடவே கூடாது. குண்டு முதல் சில அங்குலம் நகர்றதுக்குள்ள உச்ச அழுத்தம் வந்துடும். முன்னாடி நாலு அங்குலம் இருக்கா இல்லையான்னு சேம்பருக்குத் தெரியாது. 62,000 பிஎஸ்ஐ அழுத்த வரம்பு 20 அங்குலத்துக்கும் அதேதான். போல்ட் தூக்கறது இறுகுது, பிரைமர் தட்டையாகுதுன்னா ஏற்கனவே தாண்டியாச்சு.

அங்குலக்கணக்கு: 50ஐ விட்டுடறேன். ஆனா 20ல காதைப் பிளக்கற சத்தம், அதையும் இழப்புல சேருங்க.

குழல்வாயன்: அது நிஜம். அங்கே மறுபேச்சில்லை.