மறுமொழி: டெப்யுரேஷனுக்குத் தமிழ்ச்சொல் – ஆற்று மட்டியும் கன உலோகமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் கலைச்சொற்களின் வரைவுப் பட்டியலைப் பார்த்தேன். ஆற்று மட்டிகளில் கன உலோகம் சேர்வதைப் பற்றிய பகுதியில் 'டெப்யுரேஷன்' (பிடித்த மட்டியைத் தூய நீரில் விட்டுவைத்துச் சுத்தமாக்குவது) என்பதற்கு நேரே 'நச்சு நீக்கம்' என்று இருக்கிறது. ஐயா ஒருவர் நேற்று அதையும் தாண்டி எழுதியிருந்தார்:

> 'முழுத் தூய்விப்பு' எனலாமே. செவிக்கு இனிமை, செயலையும் சொல்கிறது.

செவிக்கு இனிமைதான், மறுக்கவில்லை. செயலைச் சொல்கிறதா என்பதில்தான் எனக்குத் தகராறு.

முதலில் என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வறிக்கையை மொழிபெயர்த்தபோது, "மட்டிகள் ஒரு நாள் முழுக்க நச்சு நீக்கம் செய்யப்பட்டு, பின்னர் அவற்றின் தசையில் காட்மியம் அளக்கப்பட்டது" என்று எழுதிவைத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் ஒரே வரி குறித்திருந்தார்: "நஞ்சை நீக்கிவிட்டு நஞ்சை அளந்தார்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அகராதியைப் பார்த்துச் சொல்லைப் போட்டேனே தவிர, தொட்டியில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

நடப்பது இது. மட்டி தன் செவுள்களால் நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நன்கு வளர்ந்த ஒன்று மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வடிகட்டும். ஆற்றிலிருந்து எடுத்த கையோடு அறுத்துப் பார்த்தால் குடல் நிறைய வண்டல் இருக்கும். அந்த வண்டலிலும் ஈயம், காட்மியம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே அரைத்து அமிலத்தில் கரைத்து அளந்தால், ஆற்று மண்ணின் கணக்கு மட்டியின் தசைக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் தூய நீரில் ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவைக்கிறார்கள். மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் மெல்லிய நூல் துண்டுகளைப் போலக் கழிவு படிந்து கிடக்கும். போனது அவ்வளவுதான்.

உணவுக்காக விற்கும் மட்டியையும் இதே போலத்தான் ஏறத்தாழ இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா வெகுவாகக் குறையும். வைரஸ்கள் அவ்வளவு எளிதில் போவதில்லை. காட்மியமோ அசையவே அசையாது. அது குடலில் இல்லை. செரிமானச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் மெட்டலோதயோனீன் என்ற, கந்தகம் மிகுந்த சிறு புரதத்தின் பிடியில் இருக்கிறது. (1957இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. அதற்கு நல்ல தமிழ்ப்பெயர் இன்னும் அமையவில்லை. அந்த வம்பை இன்று இழுக்கவில்லை.) அந்தப் பிடி தளர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மனிதச் சிறுநீரகத்தில் காட்மியத்தின் அரைவாழ்வு, அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், 10 முதல் 30 ஆண்டு என்கிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசும் இடத்தில், 'நச்சு நீக்கம் செய்யப்பட்ட மட்டி' என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? ஈயமும் போய்விட்டது என்றுதான் நினைப்பார். 'முழு' என்று வேறு சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

மூலச்சொல்லே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சுமக்கிறது. தொட்டியில் போட்டுக் குடலைக் காலியாக்குவது ஒன்று. உடலில் புகுந்த வேதிப்பொருள் மெல்ல மெல்ல வெளியேறுவது மற்றொன்று. நாமும் ஏன் ஒரே சொல்லில் இரண்டையும் கட்டி அழவேண்டும்?

முதலாவதற்குக் கக்கவிடல் என்பேன். மட்டியைச் சமைக்குமுன் மண்ணைக் கக்கட்டும் என்று நீரில் போட்டுவைப்பதுதானே இது? அம்மா ஒருவர் 'கக்கல்' அருவருப்பாக இருக்கிறது, பாடநூலில் வராது என்று எழுதியிருந்தீர்கள். கக்குவான் இருமல் பாடநூலில் இருக்கிறதே அம்மா. எரிமலை தீயைக் கக்குகிறது, அதையும் பிள்ளைகள் படிக்கத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவதற்கு மொழியே வழிகாட்டுகிறது. விஷம் தலைக்கு ஏறியது, விஷம் இறங்கியது என்று காலங்காலமாகச் சொல்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு முதலில் 'நஞ்சேற்றம்', 'நஞ்சிறக்கம்' என்றுதான் எழுதினேன். பிறகு நானே அடித்துவிட்டேன். செம்பும் துத்தநாகமும் அளவோடு இருந்தால் உயிருக்கு வேண்டியவை. பெரும்பாலான நத்தைகளின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு கொண்ட புரதம்தான். அது ஏறுவதை நஞ்சேற்றம் என்றால் நத்தை சிரிக்கும். ஆகவே உடலேற்றம், உடலிறக்கம். ஆங்கிலத்தின் 'பயோஅக்யூமுலேஷனை' (உயிரின் உடலில் ஒரு பொருள் சேர்வதை) 'உயிரித் திரட்சி' என்று சிலர் எழுதுவதற்குப் பதிலாகவும் உடலேற்றம் நிற்கும். திரட்சி என்றால் எனக்குக் கட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஏற்றத்தில் வரவும் செலவும் தெரிகிறது. வரவு செலவை மிஞ்சினால் உடலேற்றம், செலவு மிஞ்சினால் உடலிறக்கம்.

இதோடு சேர்த்து ஒரு களையையும் பிடுங்கிவிடலாம். பட்டியலின் அடுத்த பக்கத்தில் மட்டியில் காட்மியம் சேர்வதை 'உயிரிப் பெருக்கம்' என்று குறித்திருக்கிறோம். மட்டி குஞ்சு பொரித்துப் பெருகுவதாகத்தான் படிக்கிறவருக்குத் தோன்றும். பொருளும் தவறு. அந்தச் சொல்லுக்குரிய மூலக்கருத்து, உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்கு என்று உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுவது. மீத்தைல் பாதரசம் அப்படி ஏறும். 1965இல் ஜப்பானின் அகானோ ஆற்றங்கரையில் மினமாட்டா நோய் (மீத்தைல் பாதரசம் நரம்புகளைத் தாக்கும் நோய்) வெளிப்பட்டதற்குக் காரணம், அந்தப் பாதரசம் ஏறிய ஆற்று மீனை மக்கள் உண்டதுதான். மட்டியோ பாசியையும் மட்கையும் தின்று சங்கிலியின் அடிப்படியில் கிடக்கிறது. அதில் காட்மியம் மிகுவது படி ஏறி வந்ததால் அல்ல, விடாமல் வடிகட்டுவதாலும் உள்ளே வந்ததை விடாமல் பிடித்துக்கொள்வதாலும். படிப்படியாகக் கூடுவதற்குப் படியேற்றம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

'கன உலோகமா, பார உலோகமா' என்ற கேள்விக்கு எனக்கு இரண்டும் சம்மதம். ஆங்கிலச் சொல்லுக்கே ஒழுங்கான வரையறை இல்லை என்று 2002இல் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக்கின் இதழில் ஒரு கட்டுரையே வந்தது. ஆர்சனிக் உலோகமே அல்ல, ஆனாலும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் 'ஈர எடை' (நீரோடு சேர்த்த எடை), 'உலர் எடை' (நீரை வற்றவைத்த பின் எடை) இரண்டையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். மட்டிச் சதையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஐரோப்பிய ஒன்றியம் மட்டி போன்ற இருவோட்டு மெல்லுடலிகளில் காட்மியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஈர எடைக் கணக்கு. உலர் எடையில் 4 என்று வந்த அளவை அதோடு நேராக ஒப்பிட்டு 'வரம்பைப் போல நான்கு மடங்கு' என்று எழுதினால் ஊரே கலங்கும். உண்மையில் அது வரம்புக்குள்தான் இருக்கும்.

மெய்ப்புப் பார்த்தவர் பிடித்த வரியைப் புதுச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்: "மட்டிகளை ஒரு நாள் கக்கவிட்ட பின், அவற்றின் தசையில் காட்மியத்தின் உடலேற்றம் அளக்கப்பட்டது." ஓரத்தில் குறிப்பு எழுத இப்போது இடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

வரைவில் 'நச்சு நீக்கம்' இருந்த இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். சிப்பியா மட்டியா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.