கமகம் வாசிக்க எந்த ட்ரெமலோ பிரிட்ஜ்? உடலில் இன்னும் துளை போடவில்லை

சுருதிப்பெட்டி_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம், மகோகனி உடல், 45 மி.மீ. கனம். கழுத்து மேப்பிள், 22 ஃப்ரெட் (வீணையின் மெட்டு போல), ஸ்கேல் (ஒலிக்கும் கம்பியின் நீளம்) 648 மி.மீ., நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பட்டை) அகலம் 42 மி.மீ., ஃப்ரெட்போர்டு வளைவின் ஆரம் 9.5 இஞ்ச். கழுத்து உட்காரும் பள்ளத்தை 16 மி.மீ. ஆழத்தில் வெட்டியாகிவிட்டது. பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் குதிரை) பக்கம் கைவைக்கவில்லை.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். பாதி நேரம் கார்ட்ஸ். மீதி நேரம் பாட்டின் இடையிசை, அதில் கமகம் நிறைய வரும். கம்பியை இரண்டு ஃப்ரெட், சில இடங்களில் நான்கு ஃப்ரெட் வரைக்கும் இழுத்து வாசிப்பேன். அடியில் ஆறாம் கம்பியை சட்ஜம்போல ஒலிக்கவிட்டு மேலே இழுப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாமி பாரும் (ட்ரெமலோ பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) வேண்டும். ஸ்வரம் முடியும் இடத்தில் மெல்ல ஓர் அசைவு கொடுக்கவும், சில பாட்டில் கார்டை அப்படியே கீழே சரியவிடவும்தான். கிடார் அலறுகிற மாதிரி பெரிய வித்தையெல்லாம் தேவையில்லை.

ஆறு திருகு வைத்த பழைய பாணியா, இரண்டு ஸ்டட்டா (பிரிட்ஜைத் தாங்கும் தடித்த திருகு), கம்பியைப் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸா? ஃபிளாய்ட் போட்டால் சுருதியே கலையாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பிரிட்ஜுக்கு மட்டும் 15,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். அகலமாக ரவுட் செய்து குடைந்துவிட்டால் மரத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாது, அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

பட்டறை_திருச்சி:

தம்பி, எந்த பிரிட்ஜ் என்று பார்ப்பதற்கு முன்னால் இன்னொன்றை முடிவு செய்யுங்கள். பிரிட்ஜ் மிதக்க வேண்டுமா, உடலின் மேல் படுத்திருக்க வேண்டுமா? நீங்கள் எழுதியிருக்கும் வாசிப்புக்குப் படுத்துத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

மிதக்கும் பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு தட்டில் கம்பிகளின் இழுப்பு, மறு தட்டில் பின்பக்க ஸ்பிரிங்குகள். 10-46 கம்பி செட்டை (மெல்லியது 0.010, தடித்தது 0.046 இஞ்ச்) 648 மி.மீ. ஸ்கேலில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 46 கிலோ இழுக்கும். மூன்றாம் கம்பியின் பங்கு அதில் ஏழரை கிலோ. அதை இரண்டு ஃப்ரெட் உயரத்துக்கு இழுத்தால் அந்த ஒரு கம்பியில் மட்டும் ஏறக்குறைய 2 கிலோ கூடுகிறது. நான்கு ஃப்ரெட் என்றால் 4 கிலோவைத் தாண்டும். உடனே தராசு சாய்ந்து பிரிட்ஜின் பின்பக்கம் மேலே எழும், மற்ற ஐந்து கம்பியும் தளர்ந்து சுருதி இறங்கும். நீங்கள் அடியில் ஒலிக்கவிடும் சட்ஜம், மேலே கமகம் போகப்போகக் கீழே நழுவும். இழுக்கிற கம்பியும் உழைப்பில் ஒரு பகுதியை பிரிட்ஜிடம் பறிகொடுப்பதால் அதே ஸ்வரத்தைத் தொட விரல் இன்னும் அதிக தூரம் போக வேண்டும். வீணையில் குதிரை அசையாது, அதனால்தான் அவ்வளவு ஆழமான இழுப்பிலும் பக்கத்துக் கம்பிகள் சுருதியில் நிற்கின்றன. உங்களுக்குத் தேவை அந்த உறுதி.

படுக்கவைப்பது எப்படி என்றால், பின்னால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கிளா இருக்கிறதே, அதன் இரண்டு திருகையும் இறுக்கி, கம்பிகளின் இழுப்பைவிட ஸ்பிரிங்கின் பலம் கொஞ்சம் ஓங்கி நிற்கும்படி வைக்க வேண்டும். எவ்வளவு ஓங்க வேண்டும் என்பதைச் சுருதி காட்டும் ட்யூனரை வைத்தே பார்த்துவிடலாம். ஆறாம் கம்பியை ட்யூனரில் ஒலிக்கவிட்டு, மூன்றாம் கம்பியை நீங்கள் வாசிக்கும் அதிகபட்ச உயரத்துக்கு இழுங்கள். முள் இறங்கினால் கிளாவை இன்னும் கால் சுற்று. முள் நகராத இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பார் கல் மாதிரி ஆகிவிடும், நீங்கள் கேட்ட மெல்லிய அசைவு வராது. நான்கு ஸ்பிரிங்கில் ஆரம்பியுங்கள். போதவில்லை என்றால் ஐந்து.

இனி எந்த பிரிட்ஜ் என்பது. இரண்டு ஸ்டட் வகையை எடுங்கள். 1954-இல் ஸ்ட்ராட்டோடு வந்த ஆறு திருகு அமைப்பும் நல்லதுதான், படுக்கவைத்தால் அருமையாக ஒலிக்கும். ஆனால் அதில் கம்பிகளின் வெளி அகலம் சுமார் 56 மி.மீ., புதிய இரண்டு ஸ்டட் பிரிட்ஜுகளில் 52.5 முதல் 54 வரை. உங்கள் நட் அகலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 52.5 எடுத்தால் கடைசி ஃப்ரெட் பக்கம் ஒவ்வொரு ஓரத்திலும் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கிடைக்கும். முதல் கம்பியில் கமகம் வாசிப்பவருக்கு அது பெரிய விஷயம், கம்பி ஃப்ரெட் ஓரத்தைத் தாண்டி வழுக்காது.

என் கை முதலில் போவது கோட்டோ 510 வரிசைக்கு. ஜப்பான் தயாரிப்பு, ஸ்டட்டில் உட்காரும் கத்திமுனை சுத்தமாக இருக்கும், பார் ஆடாது. பிளாக் (பிரிட்ஜின் அடியில் இருக்கும் உலோகக் கட்டி) எஃகுதானா, கம்பி அகலம் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பிரிட்ஜுகளில் பிளாக் துத்தநாகக் கலவை. பார் திருகும் மரை சீக்கிரமே தேய்ந்துபோகும். உடலை இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபிளாய்ட் சிறந்த கருவி, ஆனால் உங்கள் வேலை வேறு. நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிடுவதால்தான் பாரை எவ்வளவு மிதித்தாலும் சுருதி திரும்பி வருகிறது. கமகத்தில் பிரிட்ஜ் எழும்புவதை அந்தப் பூட்டு தடுக்காது. அதோடு அதன் சேடில்கள் (ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டுகள்) 12 இஞ்ச் வளைவுக்கு அமைந்தவை, உங்கள் கழுத்து 9.5. சேடிலுக்கு அடியில் தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும். பூட்டும் நட்டுக்காகக் கழுத்தையும் வெட்ட வேண்டும்.

வாமிப்பிரியன்:

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மிதக்கும் பிரிட்ஜை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜெஃப் பெக் வாசிப்பைக் கேளுங்கள். பிக் இல்லாமல் விரலால் மீட்டி, பாரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவார். அவர் பெயரில் வந்த ஸ்ட்ராட்டில் இருந்ததும் இரண்டு ஸ்டட் பிரிட்ஜ்தான், கூடவே உருளை வைத்த நட். ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே தூக்கி, மேலிருந்து வழித்து இறக்குகிற அந்த அழகு, பார் இரண்டு பக்கமும் அசைந்தால்தான் வரும். படுத்த பிரிட்ஜில் கீழே மட்டும்தான் போக முடியும். ஜாருவை (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவதை) பாரிலேயே கொண்டுவரலாம் என்பது என் அனுபவம்.

இரண்டு ஸ்டட் போட்டால் அந்த வாசலும் திறந்தே இருக்கும். ஸ்டட்டையும் கிளாவையும் திருகிப் பின்பக்கம் 3 மி.மீ. இடைவெளி விட்டால் மிதக்க ஆரம்பித்துவிடும். வேண்டாம் என்றால் மறுபடி படுக்கவைத்துக்கொள்ளலாம். அதனால் பிளாக் போகும் பள்ளத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிடுங்கள், பிளாக் இரண்டு பக்கமும் முட்டாமல் ஆட வேண்டும்.

பட்டறை_திருச்சி:

பள்ளத்தைத் தாராளமாக வெட்டுவது நல்ல யோசனை. ஆனால் ஒன்று தம்பி, பாரில் ஜாரு போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்தே நகரும். தனி ஸ்வரம் வாசிக்கும்போது அழகு. அடியில் சட்ஜம் ஒலிக்கும்போது அதுவும் கூடவே போய்விடும்.

மேடை_கிடார்:

நான் மரவேலை அறியாதவன், மேடையை மட்டும் வைத்துச் சொல்கிறேன். மெல்லிசைக் குழு என்றீர்கள். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், அந்தப் பாட்டு அவ்வளவுதான். படுத்த பிரிட்ஜில் ஐந்து கம்பியோடு பாட்டை முடித்துவிடலாம். பாடகர் கடைசி நிமிடத்தில் அரைக் கட்டை இறக்கச் சொன்னாலும் அப்படித்தான். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இறக்கினால் மற்றவை ஏறும், ஆறையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், ஸ்பிரிங்கையும் தொட வேண்டிவரலாம். ஃபிளாய்டில் அதற்கு முன்னால் ஆலன் சாவி தேடி நட்டைத் திறக்க வேண்டும். கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு இறுக்கினாலும் மிதக்கும் பிரிட்ஜ் லேசாக நகரும். கேப்போ இல்லாமல் நம்ம ஊர்க் கச்சேரி நடக்குமா?

இன்னொன்று. சுருதி கலைவதற்குப் பெரும்பாலும் பிரிட்ஜைத் திட்டுகிறோம், பிடிப்பதோ நட். கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பாமல் நிற்கும். கமகம் வாசிக்கும்போதே அந்தப் பிரச்சினை வரும், பாரைத் தொடக்கூட வேண்டாம். நட்டில் உள்ள பள்ளங்களைக் கம்பியின் கனத்துக்குத் தக்க அரத்தால் வழவழப்பாகத் தேய்த்து, பென்சில் கரியைப் பூசுங்கள். பூட்டும் ட்யூனர் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் முறுக்காணி) வாங்கினால் கம்பிச் சுற்று குறையும், சுற்று குறைந்தால் நழுவலும் குறையும். பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் அதில் போடுங்கள்.

கடலோரத்தில் அடிக்கடி வாசிப்பவராக இருந்தால் கச்சேரி முடிந்ததும் சேடில் திருகுகளைத் துணியால் துடைத்துவையுங்கள். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் அந்தச் சின்னத் திருகுகள் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றுவிடும்.

சுருதிப்பெட்டி_கோவை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஸ்டட், 52.5 அகலம், எஃகு பிளாக், படுக்கவைத்து. இது முடிவு. பள்ளம் தாராளமாக வெட்டுகிறேன். மிதக்கவிட்டும் ஒருநாள் வாசித்துப் பார்க்க ஆசை இருக்கிறது. பூட்டும் ட்யூனரும் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. ஸ்டட் துளையை பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போடுவதா, பின்னாலா?

பட்டறை_திருச்சி:

முன்னால். பெயின்டுக்குப் பிறகு துளைத்தால் ஓரம் சிதறும். பெயின்ட் அடிக்கும்போது துளைக்குள் குச்சி செருகி மூடிவிடுங்கள். உள்ளே பெயின்ட் படிந்தால் துளை சிறுத்துவிடும், புஷ்ஷை (ஸ்டட் திருகி நிற்கும் உலோகக் குழல்) அடித்து இறக்கும்போது மேல்பூச்சு விரியும். எல்லாம் காய்ந்தபின் துளையின் வாயைக் கையாலேயே லேசாகச் சாய்த்துச் சீவிவிட்டுப் புஷ்ஷை இறக்குங்கள்.

பிரிட்ஜ் கைக்கு வராமல் டிரில்லை எடுக்காதீர்கள். புஷ்ஷின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, முதலில் அதே மகோகனியின் துண்டு ஒன்றில் துளைத்து இறுக்கம் பாருங்கள். பிறகு கழுத்தைத் திருகி மாட்டி, நட்டின் இரண்டு ஓரப் பள்ளத்திலிருந்தும் பிரிட்ஜ் வரைக்கும் நூல் கட்டுங்கள். இரண்டு நூலும் கடைசி ஃப்ரெட்டில் ஓரங்களிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும் வரை பிரிட்ஜை நகர்த்திப் பாருங்கள். உடலின் நடுக்கோட்டை நம்பாதீர்கள், கழுத்து அரை மி.மீ. சாய்ந்திருந்தாலும் நூல் காட்டிவிடும். முதல் கம்பியின் சேடிலை முன்பக்கம் கொஞ்சம் ஓட்டம் இருக்கும்படி வைத்து, நட்டிலிருந்து 648-இல் நிறுத்துங்கள். ஆறாம் கம்பி அதைவிட மூன்று நான்கு மி.மீ. பின்னால் போகும், அதற்கும் திருகில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டட் இடத்தைக் குறியுங்கள். துளை செங்குத்தாக இறங்க வேண்டும், கை டிரில் வேண்டாம். பக்கத்தில் டிரில் பிரஸ் இல்லையென்றால் ஏதாவது லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், அங்கேயே நின்று போட்டு வாங்கி வாருங்கள்.