முன்னோர் வைத்த முதலின் வட்டி போதவில்லை: கட்டணம் வைக்கலாமா?

புதிய பொருளாளர்:
எங்கள் வழிபாட்டுத் தலத்தின் பொருளாளர் பொறுப்பை அண்மையில் ஏற்றேன். முன்னோர் தந்த தொகைகள் நிரந்தர வைப்பில் இருக்கின்றன. வட்டியில் விளக்கு எரிய வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று அந்த வட்டி எண்ணெய்க்கே போதவில்லை. கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் அருகிவிட்டதால் உண்டியலும் மெலிந்துவிட்டது. ஒவ்வொரு சடங்குக்கும் கட்டணம் வைத்துவிடலாம் என்கிறது குழு. எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
ஒப்பாதது சரிதான் ஐயா. பணமாக எழுதிவைத்த எந்த அறத்தையும் விலைவாசி கரைத்துவிடும். இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடுகள் கொடுப்பார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்பும். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நெய் என்ன விலை விற்றாலும் விளக்கு எரியும். தஞ்சைப் பெரிய கோயிலில் காசாகவும் கொடுத்தார்கள். ஊர்ச்சபைகள் அதைக் கடனாகப் பெற்று ஆண்டுக்கு 12.5 சதவீதம் வட்டி கட்டின.

ஒரே பொருளை நம்புவதும் ஆபத்து. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம், திருச்சபைக்குரிய தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை) கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு பிணைத்தது. 1870களுக்குப் பின் தானிய விலை சரிந்தபோது குருமாரின் வருமானமும் கூடவே சரிந்தது. எனவே வைப்பைப் பலவகையாகப் பிரித்து வையுங்கள். ஆண்டுதோறும் வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிடுங்கள். இதை எந்தக் குழுவும் விரும்பாது, ஆனாலும் வற்புறுத்துங்கள்.

வாசலில் நிற்பவள்:
கட்டணம் மட்டும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் இருக்கைகளுக்கு வாடகை வாங்கினார்கள்; கொடுக்க முடியாதவர்கள் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்தார்கள். கட்டணப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிற ஏழை யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அந்த இழப்பு உங்கள் பேரேட்டில் ஏறவே ஏறாது.

மாதச் சம்பளக்காரன்:
என்னைப் போன்றவர்கள் விழாவுக்கு மட்டுமே வருகிறோம், ஆனால் கொடுக்க மனமிருக்கிறது. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் சிறு தொகைக்கு உறுதிமொழி கேளுங்கள். ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினர்களிடம் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் தனி வரியாக வாங்குகிறார்கள். சம்பளம் ஏறினால் அதுவும் ஏறும். ஆனால் அங்கே வரியைத் தவிர்க்கவே உறுப்பினர் பதிவிலிருந்து விலகுபவர்களும் உண்டு. விரும்பிக் கொடுப்பதே நிலைக்கும். வரவு செலவை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள்.

புதிய பொருளாளர்:
மூவருக்கும் நன்றி. வட்டியை முதலோடு சேர்க்கப் பழைய பத்திரம் இடம் தராவிட்டால்?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கொடுத்தவரின் நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய வழியில் செலவிட நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. அதற்கிடையில் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு எழுதுங்கள்: உங்கள் தாத்தா ஆண்டு முழுதும் எரியட்டும் என்று வைத்த தொகை இன்று இத்தனை நாளுக்குத்தான் ஆகிறது என்று, கணக்கோடு. மீதி நாட்களை ஏற்க முன்வருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.