புதுப்பிப்பு: லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கும் கல்வெட்டைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்கிறது அது. (சாயங்கால நெரிசலில் நின்று படித்துவிடாதீர்கள், இடித்துத் தள்ளிவிடுவார்கள்.) பட்டாளத்தில் சேராமல், குண்டுவீச்சில் ஊரைக் காக்கப்போய் இறந்தவர்களுக்கும் இப்படி நினைவுக்கல் உண்டா என்று கேட்டிருந்தேன்.

உண்டு. கிழக்கு லண்டனில், பாப்லர் பகுதியில். அங்கே ஓல்டு பேலஸ் என்ற பள்ளிக்கூடத்தை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீயணைப்பு நிலையமாக்கியிருந்தார்கள். 1941 ஏப்ரல் 19 இரவு ஜெர்மானிய விமானங்கள் வந்தன. நள்ளிரவு தாண்டி ஒரு குண்டு நேராகப் பள்ளி மேலேயே விழுந்தது. 34 பேர் பலி. இரண்டு பேர் பெண்கள். 21 பேர் உள்ளூர்க்காரர்களே இல்லை, லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள பெக்கன்ஹாமிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். இங்கிலாந்துத் தீயணைப்புத் துறை ஒரே சம்பவத்தில் இத்தனை பேரை இழந்தது வேறெப்போதும் இல்லை. அந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது.

நம் கல்வெட்டில் எண்ணிக்கை மட்டும்தான், பெயர்கள் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. சரி, அடுத்த வேலை அந்த 14 பெயர்களைத் தேடுவது. பழைய வட ஆற்காடு குடும்பங்களில் யாரிடமாவது அந்தக் காலத்துப் பென்ஷன் காகிதமோ பதக்கமோ இருந்தால் சொல்லுங்கள்.