கதவ பூட்டுறதால நெஜமாவே திருட்டு நிக்குமா? பெங்களூர் வாடகை வீடு

ராமமூர்த்திநகர்_அக்கா
எல்லாருக்கும் வணக்கம். ராமமூர்த்தி நகர்ல ஒரு தனி பில்டிங்ல ரெண்டாவது மாடில வாடகைக்கு இருக்கோம், ஓனர் இங்க இல்ல, ஜெயநகர்ல இருக்காரு. போன வாரம் பின் தெருவுல ஒரு வீட்ல புகுந்து எடுத்துட்டு போயிட்டாங்க. அவங்க நல்ல கனமான பூட்டுதான் போட்டிருந்தாங்க, பூட்டு பூட்டினபடியே கிடக்கு, கொண்டியோட சேத்து பேத்து எடுத்திருக்கான். அத பாத்ததுல இருந்து எங்க வீட்டுக்காரர் "பூட்டுறதெல்லாம் நம்ம மன ஆறுதலுக்குத்தான், வர்றவன் எப்படியும் வருவான்"னு சொல்லிட்டு, குப்பை போட போனாலும் கடைக்கு போனாலும் கதவ சும்மா சாத்திட்டு போறாரு. பொங்கலுக்கு திருநெல்வேலி போகணும், வீடு ஒரு வாரம் ஆளில்லாம கிடக்கும். நல்ல பூட்டுல காசு போடலாமா, இல்ல கேமராவா, இல்ல அவர் சொல்றதுதான் சரியா?

பட்டறை_பையன்
அக்கா நான் ஹார்டுவேர் லைன்ல இருக்கேன், எஸ்.பி. ரோடு பக்கம். உங்க கேள்விலயே பதில் இருக்கு பாருங்க, பூட்டு உடையல, கொண்டிதான் வந்துருச்சு. கடைக்கு வர்றவங்க 7 லீவர் (பூட்டுக்குள்ள இருக்குற தகடு) வேணுமா 8 லீவர் வேணுமான்னு அரை மணி நேரம் யோசிப்பாங்க, ஆனா அத மாட்டுற அல்டிராப், அதான் கொண்டியோட இருக்குற வெளித் தாழ்ப்பாள், பில்டர் போட்ட தகர ஐட்டமா இருக்கும், ஸ்க்ரூ குட்டியா இருக்கும், அதையும் நம்மாளுங்க திருப்பி ஏத்த மாட்டாங்க, சுத்தியால ரெண்டு போடு போட்டு கடைசில ஒரு திருப்பு, அவ்ளோதான், மரத்துல பிடிமானமே இருக்காது. கம்பிய விட்டு ஒரு நெம்பு நெம்புனா மொத்தமா கையோட வரும். நான் திண்டுக்கல் பக்கம், எங்க ஊர் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சுது, ஆனா அந்த பூட்ட கொண்டு வந்து இந்த தகரத்துல தொங்கவிட்டா அது என்ன பண்ணும் பாவம். சொந்த வீடுன்னா கதவுக்குள்ளயே பதிக்கிற இன்டர்லாக்தான் பெஸ்ட், வெளிய இருந்து பாக்குறவனுக்கு உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது.

ஈஜிபுரா_பேச்சிலர்
அண்ணன்கிட்ட இத மட்டும் சொல்லுங்கக்கா. கம்பியோட வர்றவன் வேற ஆளு, பகல்ல வர்றவன் வேற ஆளு. எங்க ஏரியா பேச்சிலர் ரூம்ல எல்லாம் காலைல ஒருத்தன் ஜிம்முக்கு போறப்ப கதவ சாத்திட்டு போயிடுவான், மிச்ச பேர் குப்புற படுத்து தூங்குவாங்க, எந்திரிச்சு பாத்தா சார்ஜ்ல போட்ட போனும் இல்ல லேப்டாப்பும் இல்ல, சார்ஜர் மட்டும் சுவத்துல இருக்கும். நடுவுல யாராவது முழிச்சுட்டா "குமார் ரூம் இதானே"ன்னு கூசாம கேப்பான். மாடி மாடியா ஏறி கதவ தள்ளி பாக்குறதுதான் அவன் பொழப்பே, பூட்டியிருந்தா சத்தம் போடாம அடுத்த வீட்டுக்கு போயிடுவான். அவனுக்கு ஒரு சாதா பூட்டே போதும்.

எண்களோடு_பேசுபவன்
வர்றவன் எப்படியும் வருவான்ங்கறது கேக்க நல்லாருக்கு, ஆனா தப்பு. நெதர்லாந்துல 1999 ஜனவரியில இருந்து புதுசா கட்டுற வீட்டுக்கெல்லாம் சுலபமா உடைக்க முடியாத கதவு ஜன்னல்தான் வைக்கணும்னு சட்டமே போட்டாங்க. அப்புறம் ஆராய்ச்சி பண்ணி பாத்தப்ப, அந்த புது வீடுகள்ல வருஷத்துக்கு 1.1 சதவீதமா இருந்திருக்க வேண்டிய திருட்டு 0.8 ஆயிருந்துச்சு, கிட்டத்தட்ட கால்வாசி கம்மி. புது வீட்ல நுழைய முடியலன்னு திருடனுங்க பழைய வீடுகளுக்கு போனதாவும் தெரியல. கால்வாசிதான் குறைஞ்சுதுன்னும் சொல்லலாம், அது அவங்கவங்க பார்வை.

டொம்லூர்_பெரியவர்
கால்வாசிதானே தம்பி, மிச்சம் முக்கால்வாசிக்கு என்ன பண்றது? வீட்ல ஆள் இல்லன்னு நாமளே தண்டோரா போட்டுட்டு பூட்ட குத்தம் சொல்லக்கூடாது. வாசல்ல நாலு நாளா கோலம் இல்ல, பேப்பர் குமிஞ்சு கிடக்கு, நந்தினி பால் பாக்கெட் பையில தொங்குது, பால்கனி லைட் பட்டப்பகல்ல எரியுது. இது போதாதுன்னு ட்ரெயின் ஏறுறப்பவே ஸ்டேட்டஸ் வேற. பேப்பர் பால் நிறுத்துங்கம்மா, எதிர் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க, வேலைக்கு வர்ற அம்மாவையே வாசல் தெளிச்சு கோலம் போட சொல்லுங்க. ஸ்டேஷன்லயும் சொல்லிட்டு போங்க, ராத்திரி ரவுண்ட்ஸ்ல பாக்க சொல்லி கேக்கலாம். இன்னொண்ணு, முன் கதவையே பாத்துட்டு இருக்கோம், பின்னாடி யுடிலிட்டி கதவு பிளைவுட்ல இருக்கும், பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடி பட்டைய உருவினா கையோட வரும், பக்கத்துலயே பைப் இறங்குது.

வக்கீல்_மாப்ள
பூட்டுறதுல சட்ட சமாச்சாரமும் இருக்கு, யாரும் சொல்லல. 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதால (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றச் சட்டம்), வீட்டுக்குள்ள திருடினா பிரிவு 305, பூட்ட உடச்சோ திறந்தோ புகுந்தா அதோட 331ம் சேரும். இன்சூரன்ஸ்லதான் பெரிய அடி. பர்க்லரி பாலிசில, அதாவது புகுந்து திருடுறதுக்கான இன்சூரன்ஸ்ல, பலாத்காரமா உள்ள நுழைஞ்சிருக்கணும்னு நிபந்தனை இருந்தா, உடச்ச அடையாளம் இல்லாம க்ளெய்ம் கிடைக்காது, 2004லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அண்ணன் சாத்திட்டு போன கதவு வழியா வந்து எடுத்தா கைய விரிச்சுடுவாங்க. நகைய பேங்க் லாக்கர்ல வைங்க, அங்க திருட்டு போனா லாக்கர் வருஷ வாடகைல 100 மடங்கு வரைக்கும் பேங்க் பொறுப்பு, 2022ல இருந்து இந்த ரூல். வாடகை 3,000ன்னா 3 லட்சம்தான், இப்ப தங்கம் விக்கிற விலைக்கு அது பத்தாது, இருந்தாலும் பீரோவுல வைக்கிறதுக்கு எவ்வளவோ மேல்.

ராமமூர்த்திநகர்_அக்கா
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். இன்சூரன்ஸ் மேட்டர அவர்கிட்ட படிச்சு காட்டினேன், "ம்"னாரு, அதுவே பெருசு. பட்டறை தம்பி, வாடகை வீட்ல இன்டர்லாக் போட்டா ஓனர் சண்டைக்கு வருவாரே?

பட்டறை_பையன்
வேணாம்க்கா, அதுக்கு கதவ குடையணும், காலி பண்றப்ப அட்வான்ஸ்ல பிடிச்சுடுவாங்க. கனமான அல்டிராப் ஒண்ணு வாங்கி, ஸ்க்ரூவுக்கு பதிலா கதவு முழுசும் ஊடுருவுற மாதிரி போல்ட் போட சொல்லுங்க, நட்டு உள்பக்கம் வரணும். நிலைப்பக்கம் போல்ட் போக வழியில்லன்னா நீள ஸ்க்ரூவா போடுங்க, அத சுத்தியால அடிக்க விடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க. ஓனருக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு வைங்க. பழைய அல்டிராப்ப தூக்கி எறியாதீங்க, பையில போட்டு அட்டத்துல வைங்க, காலி பண்றப்ப அதையே மாட்டிட்டு புதுச கழட்டிட்டு போயிடலாம்.