ஏரோஸ்பேஸ் படித்தும் ராக்கெட் பக்கமே போகவில்லை

தண்டையார்பேட்டை பையன்:
சின்ன வயதில் மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இப்போது ஒன்றரை வருடமாக ஒரே பிராக்கெட்டுக்கு (பாகங்களைப் பிடித்து நிறுத்தும் தாங்கிக்கு) ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ், அதாவது எவ்வளவு விசையைத் தாங்கும் என்ற கணக்கு, போட்டுக்கொண்டிருக்கிறேன். எம்.டெக். போய்விடலாமா?

பழைய கை:
பிராக்கெட்டை மட்டமாக நினைக்காதே தம்பி. 2015 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் நடுவானில் சிதறியதே, உள்ளே ஹீலியம் பாட்டிலைப் பிடித்திருந்த ஒரு ஸ்ட்ரட் (தாங்கு கம்பி) உடைந்ததால்தான். காலேஜில் இதையெல்லாம் யார் சொல்லித்தந்தார்கள்?

ராயபுரம் அக்கா:
எம்.டெக். எங்கேயும் ஓடிப்போகாது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோவில் ஆரம்பித்தவர், வேலைக்குப் போன பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்தார்.

தண்டையார்பேட்டை பையன்:
சரிக்கா, அந்த ஸ்ட்ரட் கதையை முதலில் படிக்கிறேன். அடுத்த ஏவுதலுக்கு காசிமேட்டுப் பக்கம் வருகிறீர்களா? மேகம் இல்லாவிட்டால் நன்றாகவே தெரியும்.