அசுணமா கார்டு: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

கவின், 5:12
மாமா, மேஜிக் தி கேதரிங் சீட்டு விளையாட்டுக்குச் சொந்தமாக ஒரு கிரீச்சர் கார்டு எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கவின், 5:13
அசுணமா. 4 மானா, பச்சை. 5/5. ஃப்ளையிங், டிராம்பிள், லைஃப்லிங்க். நீ ஸ்பெல் போடும்போதெல்லாம் ஒரு கார்டு எடுத்துக்கொள். எதிராளி ஸ்பெல் போட்டால் அசுணமா செத்துவிடும்.
அத்தைக்குப் புரிவதற்காக: மானா என்பது கார்டு போடக் கொடுக்கும் விலை, அதை லேண்ட் கார்டுகள் தரும். லேண்ட் தவிர எந்தக் கார்டைப் போட்டாலும் அது ஸ்பெல். 5/5 என்றால் அடிக்கும் பலம் 5, தாங்கும் பலம் 5. ஃப்ளையிங் என்றால் பறக்கும், டிராம்பிள் என்றால் தடுத்தாலும் மிச்ச அடி எதிராளிக்குப் போகும், லைஃப்லிங்க் என்றால் அடித்த அளவு எனக்கு உயிர் கூடும்.

நிலா அக்கா, 5:15
அசுணமாவுக்கு எதற்குடா இறக்கை?

கவின், 5:15
பறந்தால் தடுப்பது கஷ்டம் அக்கா. அதற்காகத்தான்.

சேகர் மாமா, 5:21
விலங்கைத் தேர்ந்தெடுத்த விதம் ரொம்பப் பிடித்தது கவின். கார்டை மறந்துவிட்டு ஒன்று சொல். அசுணமா என்றதும் உனக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது?

கவின், 5:22
இசையில் மயங்கும். பறைச் சத்தம் கேட்டால் உயிர் போய்விடும்.

மீனா அத்தை, 5:24
சங்கப் பாடல்களில் வருவது அதுதான். வேட்டைக்காரர்கள் யாழ் வாசிப்பார்கள், அது மயங்கி வெளியே வரும். உடனே பறையை அறைவார்கள். அங்கேயே விழுந்துவிடும். எந்தக் காதால் அது சுகப்பட்டதோ அந்தக் காதாலேயே சாகிறது, பாவம்.

சேகர் மாமா, 5:26
அத்தை சொன்னதில் கார்டு முழுவதும் இருக்கிறது. பலமும் காது, பலவீனமும் காது. இதோடு சம்பந்தம் இல்லாத எதையும் எடுத்துவிடு. ஃப்ளையிங், டிராம்பிள், லைஃப்லிங்க் மூன்றும் எந்த மிருகத்துக்கும் பொருந்தும். கார்டு எடுப்பதும் வேண்டாம், அது நீல நிறக் கார்டுகளின் வேலை. பச்சைக்கு +1/+1 கவுண்டர்தான் இயல்பு, அதாவது இரண்டு பலமும் ஒவ்வொன்று கூடியதைக் காட்டும் வில்லை. இசை கேட்கக் கேட்க வளரட்டும்.

கவின், 5:27
எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் யார் அதை டெக்கில், ஆடும் சீட்டுக்கட்டில், வைப்பார்கள்?

சேகர் மாமா, 5:34
இப்போதும் யாரும் வைக்க மாட்டார்கள். எதிராளி எப்படியும் தன் டர்னில் ஏதாவது ஒரு கிரீச்சரை இறக்கத்தான் போகிறான். அதுவும் ஸ்பெல்தான். உன் 4 மானா கார்டு அவனுக்குச் செலவே இல்லாமல் செத்துவிடும்.
பலவீனத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்குப் போட வேண்டும். 1993இல் விளையாட்டு வந்தபோதே கிரிஸ்லி பேர்ஸ் என்று ஒரு கார்டு இருந்தது. 2 மானா, 2/2, வேறு ஒரு வரியும் கிடையாது. 2011இல் ஃபான்டாஸ்மல் பேர் வந்தது. அதுவும் 2/2தான், ஆனால் 1 மானா போதும். ஏதாவது ஸ்பெல்லோ திறனோ அதைக் குறிவைத்தாலே தியாகம் செய்துவிட வேண்டும், அதாவது வைத்திருப்பவனே அதைக் களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆக, அந்த ஒரு வரிக்கு விலை 1 மானா. நீயும் அப்படித்தான் பேரம் பேச வேண்டும்.

நிலா அக்கா, 5:40
ஒரு யோசனை. ஒரு ஸ்பெல் என்றால் இசை. அதே டர்னில் இரண்டாவது ஸ்பெல் விழுந்தால் இரைச்சல். இப்படி வைத்தால் என்ன?

சேகர் மாமா, 5:41
நிலா!! இதுதான்.

சேகர் மாமா, 5:43
இரைச்சல் யார் போட்டாலும் இரைச்சல்தானே. அதனால் எதிராளி மட்டும் இல்லை, நீ ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டாலும் அசுணமா போய்விடும். கையில் நாலு நல்ல கார்டு இருக்கும், லேண்டும் இருக்கும், ஆனாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை வைத்திருப்பவனே சத்தம் போடாமல் விளையாடப் பழக வேண்டும். படமே இல்லாவிட்டாலும் அது அசுணமா என்று தெரிந்துவிடும்.

கவின், 5:46
எனக்கும் பிடித்திருக்கிறது! அப்படியானால் 2 மானா, 2/2. நான் என் டர்னில் போடும் முதல் ஸ்பெல்லுக்கு ஒரு +1/+1 கவுண்டர். ஒரே ஆள் ஒரே டர்னில் இரண்டாவது ஸ்பெல் போட்டால் தியாகம். சரியா?

கவின், 5:47
ஒரு சந்தேகம். அசுணமாவையே முதல் ஸ்பெல்லாகப் போட்டால் அதற்கே கவுண்டர் வருமா?

சேகர் மாமா, 5:52
வராது. போடும் நேரத்தில் அது களத்தில் இல்லை, அதனால் அதன் காதில் விழாது. ஆனால் அந்த டர்னில் ஒரு ஸ்பெல் போட்டாயிற்று என்ற கணக்கு இருக்கும். பின்னாலேயே இன்னொன்று போட்டால் அது இரண்டாவது, அசுணமா அவுட். மாறாக, அசுணமாவே இரண்டாவது ஸ்பெல்லாக வந்தால் ஒன்றும் ஆகாது.

சேகர் மாமா, 6:03
2 மானாவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு தாளில் டர்ன் டர்னாக எழுதிப் பார். டர்னுக்கு ஒரு லேண்ட்தான் இறக்க முடியும். 2ஆம் டர்னில் இறக்குகிறாய், 2/2. 3ஆம் டர்னில் ஒரு ஸ்பெல், 3/3. 4இல் 4/4. 5இல் 5/5. அது வளரத் தொடங்கும்போது எதிராளியிடம் இரண்டு மூன்று லேண்ட்தான் இருக்கும், ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட அவனுக்கு எங்கே மானா? பலவீனம் கார்டில் எழுதியிருக்கும், ஆட்டத்தில் இருக்காது. அவனுக்கு இருப்பதே 20 உயிர்.
3 மானா, 2/2 என்று வை. 4ஆம் டர்னில் 3/3, 5இல் 4/4. அது பெரிதாகும் நேரமும் அவன் பறையை எடுக்கும் நேரமும் ஒன்றாக வரும்.

கவின், 6:05
3 மானாவுக்கு வெறும் 3/3 கார்டே கிடைக்கிறதே மாமா. இறங்கும்போது இது சின்னதாக இருக்கும்.

சேகர் மாமா, 6:07
சின்னதாகத்தான் இருக்கட்டும். ஒரு டர்ன் பொறுத்தால் 3/3, அதற்கு மேல் எல்லாம் லாபம். இல்லை, 3/3தான் வேண்டும் என்றால் 4 மானா. எது என்று நீயே முடிவு செய்.

கவின், 6:09
3 மானா, 2/2. வளர்வதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

நிலா அக்கா, 6:15
படம் நான் வரைகிறேன். கார்டே 63க்கு 88 மில்லிமீட்டர்தான், படத்துக்குப் பாதிகூடக் கிடைக்காது. அதனால் காடு, வேட்டைக்காரர்கள், யாழ் எல்லாம் வேண்டாம். தலை மட்டும். கண் பாதி மூடியிருக்கும், ஒரு காது முன்னால் திரும்பியிருக்கும். பின்னணியில் ஒரு மூலையில் பறையின் விளிம்பும் அதன்மேல் ஓங்கிய கையும் தெரியும். அசுணமா இன்னும் அதைப் பார்க்கவில்லை.

மீனா அத்தை, 6:17
படிக்கும்போதே மனசு பதறுகிறது நிலா. கையை ரொம்பத் தெளிவாகப் போட்டுவிடாதே.

கவின், 6:24
சரி, இறுதி வடிவம்:

அசுணமா
2 எந்த நிறமும் + 1 பச்சை
கிரீச்சர், மிருகம். அன்காமன்
உன் டர்னில் நீ உன் முதல் ஸ்பெல்லைப் போடும்போது, அசுணமாவின்மேல் ஒரு +1/+1 கவுண்டர் வை.
ஒரு ஆட்டக்காரர் ஒரு டர்னில் தன் இரண்டாவது ஸ்பெல்லைப் போடும்போது, அசுணமாவைத் தியாகம் செய்.
2/2

சேகர் மாமா, 6:26
அன்காமன், அதாவது காமனைவிடக் கொஞ்சம் அரிதாகக் கிடைக்கும் கார்டு, என்று வைத்தது சரி. எத்தனை ஸ்பெல் போட்டோம் என்று எண்ணிக்கொண்டே ஆட வேண்டிய கார்டு, காமனில் வந்தால் புதிதாக ஆடுபவர்கள் திணறுவார்கள்.

நிலா அக்கா, 6:28
விதிகளுக்குக் கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி போடலாமே, கதை மாதிரி.

கவின், 6:31
“யாழ் நின்ற பிறகும் அது போகவில்லை. அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தது.” போதுமா?

மீனா அத்தை, 6:32
போதும். பறை என்று எழுதாமல் விட்டாயே, அதுதான் நன்றாக இருக்கிறது.

சேகர் மாமா, 6:35
படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். துண்டுத் தாளில் எழுதி, ஒரு பழைய கார்டின் முன்னால் வைத்து ஸ்லீவில் செருகு. 60 கார்டு டெக்கில் நாலு போடு. எதிரே நான் குறைந்த விலை ஸ்பெல் நிறைய உள்ள டெக்கோடு உட்காருகிறேன், அப்புறம் பெரிய கிரீச்சர் டெக்கோடும் ஒருமுறை ஆடுவோம். முதல் டெக்கிடம் எப்போதும் தோற்று, இரண்டாவதிடம் எப்போதும் ஜெயித்தால் இரண்டாவது வரியை மறுபடி தொட வேண்டியிருக்கும்.

கவின், 6:36
தாள் வெட்டிக்கொண்டிருக்கிறேன் மாமா.